தக்காளி விலையும் எங்கள் மொட்டைமாடியும்

மாடியில் தக்காளி போட்டால் விலையேற்றத்திலிருந்து தப்பித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாம்பரத்துக்கு மேற்கே இருக்கிறது எங்கள் வீடு. மொட்டைமாடியில் தக்காளி பழுக்கும் நேரமும், "மூணு கிலோ நூறு, மூணு கிலோ நூறு" என்று பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் அலறவிட்டபடி டாடா ஏஸ் வண்டி தெருவில் போகும் நேரமும் ஒன்றுதான். தை, மாசி. அப்போது என் செடிகள் காய்த்துத் தள்ளும். ஊரில் இருக்கிற எல்லாச் செடிகளும் காய்த்துத் தள்ளும். சித்திரை பிறந்து, வெயில் ஏறி, அடுத்து விலையும் ஏறத் தொடங்கும்போது என் செடியில் பூ மட்டும்தான் இருக்கும். அதுவும் சாயங்காலத்துக்குள் தரையில் கிடக்கும்.

இதில் கைராசிக்கு ஒன்றும் வேலை இல்லை. தக்காளிக்கு ராத்திரியில் கொஞ்சமாவது குளிர வேண்டும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் இறங்காமல் புழுங்கினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். மே மாதம் எங்கள் மாடித் தளத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. செடி மட்டும் எப்படி நிற்கும்? அதனால்தான் கோடையில் கோயம்பேட்டுக்கு ஆந்திராவின் மதனப்பள்ளியிலிருந்தும் கர்நாடகத்தின் கோலாரிலிருந்தும் லாரி வந்தாக வேண்டும். இரண்டும் மேட்டு நிலம். மதனப்பள்ளி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே உதிரும் பூ அங்கே நிற்கும். அங்கே மழை பொய்த்தாலோ, அளவுக்கு மீறிக் கொட்டினாலோ, வெள்ளை ஈ கிளம்பி இலைச்சுருட்டு வைரஸைப் பரப்பினாலோ, இரண்டு வாரத்தில் எங்கள் வீட்டு ரசத்தின் நிறம் மாறிவிடும்.

2023 ஜூலை பலருக்கும் மறந்திருக்காது. சென்னையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, மாதக் கடைசியில் சில கடைகளில் 200 வரை போனது. அரசு சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் வெள்ளம் வந்தால் மட்டும் டிவிக்காரர்கள் எங்கள் பக்கத்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சேர்த்துச் சென்னை என்பார்கள். மலிவு விலைத் தக்காளி என்றதும் சென்னையின் எல்லை பல்லாவரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. கடைகளைக் கூட்டப் போவதாக அறிவிப்புகள் வந்தன. அதற்குள் எங்கள் வீடு தக்காளி இல்லாமலே பழகிவிட்டது. வட இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் பர்கரிலிருந்து தக்காளியை எடுத்துவிட்டார்களாம் என்று பெங்களூரிலிருந்து மகள் போனில் சொன்னாள். "நாம ரசத்துலேர்ந்து எடுத்ததை எந்தப் பேப்பர்லயும் போடலையேடி" என்றேன்.

எங்கள் வீட்டில் பேப்பர் படிப்பது மூன்று பேர் செய்யும் வேலை. வீட்டுக்காரர் சத்தமாக வாசிப்பார். நான் கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொல்வேன். அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இருவருக்கும் பொதுவாக, "எல்லாம் அப்படித்தான்" என்று தீர்ப்பு வழங்குவார். அந்த ஜூலை முழுக்கத் தக்காளிதான் தலைப்பு. எங்கேயோ தோட்டத்தில் தக்காளி திருடு போனது, ஒரு விவசாயி கோடியில் சம்பாதித்தார் என்றெல்லாம் தினம் ஒரு செய்தி. "பாத்தியா, விவசாயிங்களுக்குத்தான் இப்ப காலம்" என்றார் இவர்.

எனக்கு வந்ததே கோபம். அந்த வருஷம் மே மாதம் மகாராஷ்டிரத்தில் இதே தக்காளி கிலோ ஒன்றிரண்டு ரூபாய்க்குக்கூடப் போகாமல் சாலையோரத்தில் கொட்டப்பட்டது. பறிக்கிற கூலிகூடத் தேறாது என்று பலர் வயலை அப்படியே விட்டுவிட்டார்கள், உழுதும் போட்டார்கள். ஜூலையில் காய் இல்லாமல் போனதற்கு மழையும் வைரஸும் எவ்வளவு காரணமோ, மே மாத விலையும் அவ்வளவு காரணம். ஜூலை விலையைப் பார்த்து எல்லாரும் நாற்று வாங்கி நட்டார்கள். செப்டம்பரில் எல்லாம் ஒன்றாகக் காய்த்து, ஆந்திராவில் மறுபடியும் சாலையில் கொட்டினார்கள். அந்தச் செய்தி பத்தாம் பக்கத்தில், ஒரு கட்டத்துக்குள் வந்தது. இவர் அதை வாசிக்கவே இல்லை. நான்தான் முறுக்கு மடித்து வந்த பழைய தாளில் பார்த்தேன்.

விலைவாசியைத் திட்டுவதில் நமக்கு இருக்கும் ஒரு குறை இதுதான் என்று நினைக்கிறேன். ஏறும்போது திட்டுவோம். இறங்கும்போது இரண்டு கிலோ கூடுதலாக வாங்கித் தொக்கு போடுவோம். இறங்கியதற்கும் ஏறியதற்கும் நடுவில் இருக்கும் கயிறு நம் கண்ணில் படுவதில்லை. ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுத்தாளில், நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விளைவித்தவருக்குப் போவது சுமார் 33 காசு என்று கணக்குச் சொல்லியிருந்தார்கள். வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. மீதி வண்டி வாடகை, கமிஷன், அழுகல், கடைக்காரர் லாபம். இந்த மூன்று காய்களுக்காகவே 2018-19 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். ஐந்து வருஷம் கழித்து வந்ததுதான் அந்த 2023 ஜூலை. வெங்காயத்துக்கு வேறு மாதிரி வைத்தியம்: விலை ஏறினால் ஏற்றுமதியில் கை வைப்பது. 2023 ஆகஸ்டில் 40 சதவீத வரி, டிசம்பரில் தடை, 2024 மே மாதம் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே தடை நீக்கம். நாசிக் விவசாயி எதை நம்பி அடுத்த போகம் வைப்பார் என்று கேட்டால், "எல்லாம் அப்படித்தான்" என்கிறார் அத்தை.

சரி, அடுப்படிக்கு வருவோம். தக்காளி இல்லை என்றதும் முதலில் பதறியது நான்தான். அத்தை பதறவே இல்லை. "எங்க அம்மா தக்காளியைத் தொட்டே சமைச்சதில்ல. நாங்க சாப்பிடாமலா இருந்தோம்?" என்றார். யோசித்தால் உண்மைதான். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த காய் அது. இன்றைக்கும் பல வீடுகளில் திதிச் சமையலுக்குத் தக்காளி, உருளை, கோஸ் எதுவும் ஆகாது. வாழைக்காய், பாகல், புடலை, அவரை என்று நாட்டுக்காய்தான். காரத்துக்கு மிளகாயைக்கூட விட்டுவிட்டு மிளகு போடுகிறவர்கள் உண்டு. ஓட்டல் சாம்பாரும் டிவி சமையலும் சேர்ந்துதான் எதை வதக்கினாலும் ரெண்டு தக்காளி போட வேண்டும் என்ற பழக்கத்தை நம் கைக்குக் கொடுத்துவிட்டன.

அந்த மாதம் அத்தை அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டார். மோர்க்குழம்பு, பருப்புருண்டைக் குழம்பு, சுண்டைக்காய் வற்றல் குழம்பு, பொரித்த குழம்பு. எதிலும் தக்காளி இல்லை, எதிலும் குறையும் இல்லை. எலுமிச்சை ரசம்தான் எனக்குப் பிடித்துப்போனது. துவரம்பருப்பை நன்றாக வேகவைத்து, மேலே தெளிந்த நீரை எடுத்துக்கொள்வார். அதில் ஒரு துண்டு இஞ்சி, கீறிய பச்சைமிளகாய், மஞ்சள், பெருங்காயம், உப்பு. மிளகும் சீரகமும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும், மைய அரைக்கக் கூடாது. ஓரங்களில் நுரை கூடி நடுவில் சேரப் போகும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் ரசம் கெட்டது. நெய்யில் கடுகு, கருவேப்பிலை தாளிப்பு. எலுமிச்சை அப்போதும் இல்லை. பாத்திரத்தை வெறுங்கையால் தொட்டுப் பார்ப்பார். கை பொறுக்கும் சூடு வந்த பிறகுதான் பிழிவார். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசந்துவிடும். விதை ஒன்று விழுந்துவிட்டால் கரண்டியால் துழாவி எடுக்கும்வரை யாருக்கும் பரிமாற மாட்டார். தக்காளி மலிந்த பிறகும் வாரத்துக்கு ஒரு நாள் இந்த ரசம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

அப்படியானால் மாடியில் எதற்குத் தோட்டம்? இதை வீட்டுக்காரரும் கேட்பார், கரண்ட் பில் வரும்போதெல்லாம். வளர்ப்புப் பையில் போட்ட செடிக்கு வெயில் காலத்தில் காலை, மாலை இரண்டு வேளை தண்ணீர் வேண்டும். அதற்கு மோட்டார் ஓட வேண்டும். 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டண முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 மலிவு. 501 ஆகிவிட்டால் முதல் 100 தப்பும், அடுத்த 100-க்கான மலிவு போய்விடும். அந்த ஒரு யூனிட்டுக்காக இருநூறு ரூபாய்க்கு மேல் அழ வேண்டும். மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் நேரத்தில் சொன்ன வாக்குறுதியைப் பற்றி இங்கே பேச ஆரம்பித்தால் கட்டுரை முடியாது. ஆகையால் எங்கள் வீட்டில் ஐந்நூற்றி ஒன்றாவது யூனிட் எப்போதும் என் தக்காளிச் செடி குடித்ததுதான். ராத்திரி முழுக்க ஓடும் அவருடைய ஏ.சி. குடித்ததாக இருக்கவே முடியாது.

கணக்குப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பை, தென்னை நார்க் கழிவு, செம்மண், மண்புழு உரம், வேப்பெண்ணெய் என்று கூட்டினால் என் தக்காளி ஜூலை விலையைவிட அதிகம். ஆனால் தோட்டத்தின் வரவு தக்காளியில் இல்லை. கொசுறில் இருக்கிறது.

கொசுறு என்று ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கினாலே ஒரு கொத்து கருவேப்பிலை, நாலு கொத்தமல்லி, ரெண்டு பச்சைமிளகாய் பையில் தானாக விழும். கேட்டு வாங்க வேண்டியதில்லை. போட மறந்தால்தான் கேட்போம். இப்போது கருவேப்பிலை பத்து ரூபாய். சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவில், வாடிப்போய். கோயம்பேட்டு விலைப்பட்டியலைப் படிக்கிற டிவிக்காரர்கள் கொசுறு செத்ததைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை.

என் மாடியில் அந்தக் கொசுறு மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது. கருவேப்பிலை ஒரு பழைய டிரம்மில் நிற்கிறது. புளித்த மோரைத் தண்ணீர் கலந்து ஊற்றுவேன். இலையை உருவாமல் நுனியோடு ஒடித்தால் பக்கக் கிளை வைக்கும். பொன்னாங்கண்ணியைக் கடையில் வாங்கிய கட்டிலிருந்து தண்டு நட்டே வளர்த்தேன். தவசிக்கீரை கேட்பாரில்லாமல் வளரும். சிறுகீரை விதைத்தால் மாதம் திரும்புவதற்குள் பிடுங்கலாம். பச்சைமிளகாய் இரண்டு செடி இருந்தால் நாலு பேர் வீட்டுக்கு ஏறக்குறைய போதும். இவை எதற்கும் விலை ஏறியதாகவோ இறங்கியதாகவோ பேப்பரில் வராது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்குத் தோசைக்குச் சட்னி அரைக்கும்போது கடைக்கு ஓடாமல் மாடிக்கு ஓடுகிற சுகம் இருக்கிறதே!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தெருவில் முட்டியளவு தண்ணீர், கரண்ட் கிடையாது, பால் பாக்கெட் வந்த இடத்தில் சொன்ன விலை. தக்காளிச் செடிகள் அழுகிச் சாய்ந்துவிட்டன. கீரை மட்டும் தலை நிமிர்ந்து நின்றது. மிக்ஸி ஓடாததால் அம்மிக்கு மறுபடியும் வேலை வந்தது. பொன்னாங்கண்ணிப் பருப்புக் கூட்டு, கீரை மசியல், மிளகு ரசம். பக்கத்து வீட்டு அக்கா மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கை நீட்டுவார், நான் ஒரு கட்டு கொடுப்பேன். பதிலுக்கு ஒரு மெழுகுவர்த்தி வரும்.

நல்ல செய்தியும் பத்தாம் பக்கத்தில் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு ஓர் உதாரணம், பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. எங்கள் வாசல் செம்பருத்தி முழுக்க வெள்ளைப் பஞ்சு அப்பியது போல ஆகி, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய், தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது எல்லாம் பார்த்தோம். மெழுகுப் பூச்சுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு மருந்து எட்டவே எட்டாது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பெங்களூரிலிருந்த பூச்சி ஆய்வு மையமும் சேர்ந்து 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தார்கள். கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத அளவு. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளேயிருந்தே தின்று வெளியே வரும். வளர்த்துப் பெருக்கி வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிப்போனது. பூச்சிமருந்துக் கடைக்காரர்களைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை. பூச்சி வந்தபோது முதல் பக்கத்தில் படம் போட்டார்கள். அது போனதை எத்தனை பேர் எழுதினார்கள்? அரசாங்கத்தைத் திட்டுவதில் வீட்டுக்காரரைவிட நான் ஒரு படி மேலே. ஆனாலும் வரிப்பணத்தில் இப்படி ஒரு காரியம் நடந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும் என்பேன். "நீ அந்தப் பக்கம் சாஞ்சுட்ட" என்பார். எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் வராது.

கடைசியாக முருங்கை. இதுவும் தக்காளிக் கதைதான், மாதம்தான் வேறு. கார்த்திகை, மார்கழியில் முருங்கைக்காய் விலை எகிறும். 2024 டிசம்பரில் கிலோ 300 ரூபாயைத் தாண்டியது. ஐப்பசி மழையில் பூ கொட்டிவிடுவதால் திண்டுக்கல், தேனி, அரவக்குறிச்சிப் பக்கமெல்லாம் காய் இருக்காது. அப்போது குஜராத், மகாராஷ்டிரத்திலிருந்து கோயம்பேட்டுக்கு முருங்கைக்காய் வரும். பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியில் பி.கே.எம். 1 ரகத்தை 1989-ல் வெளியிட்டு நாடு முழுக்கப் பரப்பியதே நாம்தான். இப்போது கல்யாண சாம்பாருக்கு அங்கிருந்து லாரி வருகிறது. வீட்டுக்காரருக்கு இது பெரிய அவமானம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே மழை பெய்யும்போது அங்கே பெய்யவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கொல்லையில் ஒரு முருங்கை நிற்கிறது. மார்கழியில் அதிலும் காய் இருக்காது. இருப்பது இலையும், மழை விட்டதும் அடிமரத்தில் அடை அடையாக ஒட்டிக்கொள்ளும் கம்பளிப்பூச்சியும். வருஷா வருஷம் அந்தச் சமயத்தில் மரத்தை வெட்டிவிடலாம் என்று பேச்சு எழும். போன மழைக்காலத்திலும் எழுந்தது. துணி காயப்போட்ட கையோடு உள்ளே வந்தவர், கழுத்தைச் சொறிந்துகொண்டே, "அருவா எங்க இருக்கு?" என்றார். நான் அப்போதுதான் அடைமாவில் முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக்கொண்டிருந்தேன். "பரண்ல இருக்குங்க. சாப்பிட்டுட்டு எடுங்க" என்றேன். வெல்லமும் வெண்ணெயும் வைத்து மூன்று அடை உள்ளே போயிற்று. மறுநாள் அரிவாளை எடுத்தார்தான். சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் நீண்டிருந்த கிளையை மட்டும் கழித்துவிட்டு, அதை மூன்று துண்டாக்கி, தெருவில் கேட்டவர்களுக்கு நடக் கொடுத்துவிட்டு வந்தார்.